ஸ்டியரிங் கிறீச்சிட்டால்: பழைய கார் வைத்திருப்பவர்கள் கழற்றும் முன் கேட்க வேண்டியவை

ஏற்காட்டுக்கு ஏறும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். சேலத்தில் நாலு ரோட்டுக்கும் ஐந்து ரோட்டுக்கும் நடுவில் மாசக்கணக்கில் ஓட்டினாலும் வாய் திறக்காத ஸ்டியரிங், அடிவாரம் தாண்டி முதல் வளைவுகளில் முழுசாக ஒடித்ததும் 'கிறீச்' என்று முனகும். "என்ன மாப்ள, வண்டி அழுவுது?" என்று பின்சீட்டில் இருந்து மாமியார் கேட்டார். வண்டி 1999 மாடல் மாருதி 800.

இறங்கி வந்ததும் ஒரு பட்டறையில் விட்டேன். ஸ்டியரிங் காலத்தின் (வளையத்தில் இருந்து இறங்கும் குழாய்) மேல்முனைப் புஷ் தேய்ந்துவிட்டது என்றார்கள். இறக்கினார்கள், புது புஷ் போட்டார்கள். காசு போனது, சத்தம் போகவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே பெடலுக்கடியில் தலையை விட்டுப் படுத்துத் தேடினேன். ராடு தரையைத் துளைத்து வெளியே போகும் இடத்தில் ஒரு ரப்பர் உறை காய்ந்துபோய் ராடை உரசிக்கொண்டிருந்தது. அவ்வளவுதான் விஷயம்.

அதனால் இந்தக் கட்டுரையில் பாதிக்கு மேல் சத்தத்தைத் தேடுவதைப் பற்றித்தான் இருக்கும். சரிசெய்வது பெரும்பாலும் அரைமணி வேலை. எதைச் சரிசெய்வது என்று தெரியாமல் கழற்றினால்தான் அரைநாள் போகும்.

முதலில், என்னதான் இருக்கிறது அங்கே?

பட்டறையில் 'காலம்' என்பார்கள். நல்ல காலம் கெட்ட காலம் இல்லை; ஸ்டியரிங் வளையத்தில் இருந்து சாய்வாகக் கீழே இறங்கும் குழாயும், அதற்குள் சுழலும் ராடும் சேர்ந்ததுதான் அது. குழாயின் மேல்முனையிலும் கீழ்முனையிலும் ராடைப் பிடித்துக்கொள்ள ஒரு புஷ்ஷோ பேரிங்கோ இருக்கும். கீழே ராடு நேராகப் போக இடம் இருக்காது, அதனால் திசை மாற்ற யூ.ஜே. எனும் கிராஸ் ஜாயிண்ட். நடுவில் தண்ணீரும் தூசியும் உள்ளே வராமல் ஒரு ரப்பர் பூட். அதற்குப் பிறகு ரேக் (ராடின் சுழற்சியைப் பக்கவாட்டு நகர்வாக மாற்றும் பல்சட்டம்), டை ராடு (அதைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பி), வீல்.

இந்தக் குழாய் நாதஸ்வரம் மாதிரி. ஊதுவது ஒரு முனையில், சத்தம் பெரிதாகக் கேட்பது மறுமுனையில். கீழே சக்கரத்துக்குப் பக்கத்தில் உரசும் சத்தம்கூட ராடு வழியாக ஏறி வந்து உங்கள் கைக்கடியில் கேட்கும். என் பட்டறைக்காரர் ஏமாந்ததும் இதில்தான். அவரைக் குறை சொல்லி என்ன பண்ண, வளையத்துக்கடியில் சத்தம் என்று சொன்னதே நான்தான்.

முதல் 800 விற்பனையானது 1983 டிசம்பரில். உற்பத்தி நின்றது 2014 ஜனவரியில். அம்பாசடரும் அதே 2014இல் நின்றுவிட்டது. ஆக, ஊருக்குள் ஓடும் 800களில் மிகச் சின்னதுக்கே பத்து வயது தாண்டிவிட்டது. ரப்பருக்கும் நைலானுக்கும் அது கிழட்டு வயது. சத்தம் வருவதில் ஆச்சரியம் இல்லை.

கை வைக்கக் கூடாத வண்டி

வளையத்தின் நடுவில் எஸ்.ஆர்.எஸ். என்றோ ஏர்பேக் என்றோ எழுதியிருக்கிறதா பாருங்கள். இருந்தால் வளையத்தையும் அதன் நடுமூடியையும் நீங்கள் தொடவேண்டாம். உள்ளே இருப்பது வெடித்து விரியும் பொருள். மஞ்சள் நிறப் பிளக் எதைக் கண்டாலும் அதை உருவாதீர்கள். அந்த வண்டிகளில் வளையத்துக்குக் கீழே சுருள் நாடா ஒன்று (கிளாக் ஸ்பிரிங் என்பார்கள்) இருக்கும். அது தேய்ந்தாலும் காகிதம் உரசுவது போல 'சரசர' என்று கேட்கும். அது தெரிந்தவர் செய்யவேண்டிய வேலை. கீழே சொல்லும் பூட், வெளிப்பக்கத்து வேலைகளை மட்டும் நீங்கள் செய்யலாம்.

எப்போது கத்துகிறது என்று ஒரு வாரம் கவனியுங்கள்

சேலம் வெயிலில் மதியம் முழுக்க நின்ற வண்டியில் மட்டும் சத்தம் வந்து, சாயங்காலம் அடங்கினால் பெரும்பாலும் பிளாஸ்டிக்தான். காலத்தைச் சுற்றியிருக்கும் இரண்டு பாதி மூடிகள் சூட்டில் விரிந்து ஒன்றோடொன்று உரசும். ஏற்காட்டில் இரவு தங்கி, பனியில் காலை வண்டி எடுக்கும்போது மட்டும் முனகினால் காய்ந்த ரப்பரோ, இறுகிப்போன பழைய கிரீஸோ. மழைக்கோ வாட்டர் சர்வீஸுக்கோ பிறகு வந்தால் கிராஸ் ஜாயிண்டில் துரு. ஒரு தூசிப் பாதையில் போய் வந்தபின் ஆரம்பித்தால் பூட். மாமாங்கம், கருப்பூர் பக்கம் மேக்னசைட் வெள்ளைக்கல் லாரிகளுக்குப் பின்னால் தினமும் போகிறவர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம். அந்த வெள்ளைப் பொடி கிரீஸில் ஒட்டினால் உப்புத்தாள் மாதிரி ஆகிவிடும்.

சத்தத்தின் வகையும் முக்கியம். 'கீச்', 'கிறீச்' என்றால் காய்ந்த உரசல். 'நறநற' என்றால் பேரிங்கிலோ ஜாயிண்டிலோ மணலோ துருவோ இருக்கிறது. 'கடக்' என்று ஒரே அடி விழுந்தால் ஏதோ ஒன்றில் பிளே (தேய்ந்து ஆடும் இடைவெளி) வந்துவிட்டது, அல்லது போல்ட் தளர்ந்திருக்கிறது. இந்த 'கடக்'கை மட்டும் ஒத்திப்போடாதீர்கள். ஒடிக்கும்போது ஸ்பிரிங் துள்ளுவது போல 'டொய்ங்' என்றால், காலத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, ஷாக் அப்சார்பரின் மேல் மவுண்ட்.

பவர் ஸ்டியரிங் வண்டியில் முழுசாக ஒடித்தால் ஊளையிடுவது எண்ணெய் குறைந்ததாலோ பெல்ட் தளர்ந்ததாலோ இருக்கலாம். அதற்கு இந்தக் கட்டுரை உதவாது. ஆயில் அளவைப் பாருங்கள்.

படுத்துக் கேட்பது

இப்போது வீட்டு வாசலில், சமதரையில் வண்டியை நிறுத்துங்கள். ஹேண்ட்பிரேக் போட்டு, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் அண்டை கொடுங்கள். இன்ஜின் ஆஃப். சாவியை எடுத்துவிட்டால் ஸ்டியரிங் லாக் ஆகிவிடும், அதனால் சாவி உள்ளேயே ஒரு கிளிக் திரும்பியபடி இருக்கட்டும்.

உதவிக்கு ஒரு ஆள் வேண்டும். எனக்கு அக்கா பையன். அவன் சீட்டில் உட்கார்ந்து வளையத்தை மெதுவாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அரைச் சுற்று திருப்பவேண்டும். மெதுவாக என்று மூன்று முறை சொல்லுங்கள், பையன்கள் மெதுவாகத் திருப்ப மாட்டார்கள்.

நீங்கள் செய்யவேண்டியது கேட்பது மட்டும். முதலில் பிளாஸ்டிக் மூடியை ஒரு கையால் அழுத்திப் பிடியுங்கள். சத்தம் மாறினாலோ நின்றாலோ வேலை அங்கேயே முடிந்தது. மாறாவிட்டால் பெடல் பக்கம் தலையை நுழைத்து, ராடின்மேல் விரல் நுனியை லேசாக வையுங்கள். உரசல் இருக்கும் இடத்துக்கு அருகே விரலில் ஒரு அதிர்வு தெரியும், மேலே போகப் போகக் குறையும். காதைவிட விரல் பொய் சொல்லாது. நீளமான ஸ்க்ரூ டிரைவர் ஒன்றின் முனையைக் குழாயில் ஊன்றி, கைப்பிடியைக் காதோரம் எலும்பில் அழுத்திக் கேட்பதும் பழைய மெக்கானிக் வித்தை. ஓடும் இன்ஜினில் புதியவர்கள் இதைச் செய்யவேண்டாம், ஆனால் நிற்கும் வண்டியில் நன்றாக வேலை செய்யும்.

அடுத்து முன்பக்கத்தைத் தூக்குங்கள். இரண்டு முன்சக்கரமும் தரையை விடவேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பாமல் இரண்டு பக்கமும் ஸ்டாண்ட் கொடுங்கள்; வண்டிக்கடியில் படுக்கப் போவதில்லை என்றாலும் கொடுங்கள். மறுபடி திருப்பச் சொல்லுங்கள். சக்கரம் காற்றில் இருக்கும்போதும் அதே கீச் வந்தால் காலம், பூட், கிராஸ், இவற்றில் ஒன்று. தூக்கியதும் சத்தம் போய்விட்டால் அது எடை ஏறும்போது மட்டும் கத்தும் பொருள்: ஸ்ட்ரட் மவுண்ட் (ஷாக் அப்சார்பரின் மேல் மவுண்ட்), பால் ஜாயிண்ட் (உருண்டை மூட்டு), டை ராடு எண்டு (டை ராடின் முனை). எனக்குத் தெரிந்த பெரிய மெக்கானிக் ஒருவர் எந்த ஸ்டியரிங் புகாருக்கும் முதல் வார்த்தையாக "தூக்கிப் பாத்தீங்களா தம்பி?" என்றுதான் கேட்பார். பார்க்கவில்லை என்றால் பேச்சே கிடையாது.

தூக்கிய நிலையிலேயே இன்னொன்று. வளையத்தை ஒரு கோடியில் இருந்து மறுகோடி வரை இரண்டு விரலால் மட்டும் திருப்பிப் பாருங்கள். ஒரே சீராகப் போனால் நல்லது. ஒரு சுற்றுக்கு இரண்டு இடத்தில் இறுகி, பிறகு விடுகிறது என்றால் கிராஸ் ஜாயிண்ட் பிடித்துக்கொண்டிருக்கிறது. கடைசியாக, வளையத்தைச் சுழற்றாமல் மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள், உங்களை நோக்கி இழுத்துப் பாருங்கள். ஆடினால் மேல் புஷ்.

சின்ன வேலைகள்: மூடியும் ஹாரனும்

மூடிக்கு ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர் போதும். நாலைந்து ஸ்க்ரூ. இரண்டு பாதியும் சேரும் விளிம்பில் மெல்லிய ஃபெல்ட் டேப் ஒட்டி, மறுபடி முடுக்குங்கள். அவ்வளவே. ரொம்ப முடுக்கினால் பழைய பிளாஸ்டிக் விரிசல் விடும்.

ஹாரன்: ஏர்பேக் இல்லாத பழைய வண்டிகளில் வளையத்துக்குப் பின்னால் ஒரு பித்தளை வட்டமும், அதன்மேல் உரசும் ஸ்பிரிங் முள்ளும் இருக்கும். அது காய்ந்தால் எலிக்குஞ்சு மாதிரி கத்தும். முதலில் பேட்டரியின் மைனஸைக் கழற்றுங்கள், இல்லையென்றால் தெருவே எழுந்துவிடும். வளையத்தைக் கழற்றும் முன் ராடிலும் வளையத்திலும் சேர்த்து ஒரு கோடு பெயிண்டில் போட்டுவிடுங்கள். நடு நட்டைத் தளர்த்தி, முழுசாக எடுக்காமல் நாலு மரை மிச்சம் இருக்கும்படி விட்டுவிட்டு வளையத்தை இருபக்கமும் மாறிமாறி இழுங்கள். நட்டை முழுசாக எடுத்துவிட்டு இழுத்தவர்களின் முன்பல்லைப் பார்த்தாலே தெரியும். ராடின் தலையில் மட்டும் சுத்தியலால் அடிக்காதீர்கள். விபத்தில் மடங்கவேண்டும் என்றே பல வண்டிகளின் காலம் செய்யப்பட்டிருக்கிறது. அடித்தால் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் ஊசிகள் வெட்டுப்படும், பேரிங்கும் கெடும். வரவில்லையென்றால் புல்லர் (வளையத்தை இழுத்துக் கழற்றும் கருவி) வாடகைக்கு வாங்குங்கள். உள்ளே துடைத்து, பித்தளை வட்டத்தில் விரல் நுனியளவு வாசலின் தடவினால் போதும்.

பூட்: என் வண்டியைக் கத்தவைத்தது

இதில் நான் செய்த முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். ரப்பர் உரசுகிறது என்று தெரிந்ததும் சந்தோஷத்தில் கையில் கிடைத்த இன்ஜின் ஆயிலை ஊற்றினேன். ஒரு மாசம் வண்டி ஊமையாக இருந்தது. பிறகு ரப்பர் உப்பி, உதடு மடிந்து, முன்பைவிட மோசமாக ராடைக் கவ்விக்கொண்டது. பெட்ரோலியத்தில் இருந்து வரும் ஆயில், கிரீஸ் எல்லாமே சாதாரண ரப்பரை ஊறவைத்துக் கெடுக்கும். துரு நீக்கும் ஸ்பிரேயும் இதே ஜாதிதான். அது காய்ந்ததும் மிச்சம் இருந்த கிரீஸையும் கழுவிக்கொண்டு போயிருக்கும்.

தேங்காய் எண்ணெய் போடுகிறவர்களும் உண்டு. அது சுமார் 24 டிகிரியில் உறையும். சேலத்தில் பெரும்பாலும் பிரச்சினை தெரியாது. மார்கழிக் காலையில் ஏற்காட்டில் குளியலறைப் பாட்டில் எப்படி நிற்கும் என்று நினைத்துப் பாருங்கள், உங்கள் பூட்டுக்குள்ளும் அதுதான் நடக்கும்.

ரப்பருக்குச் சரியானது சிலிக்கோன் கிரீஸ். ஆட்டோமொபைல் கடையில் சின்ன டியூபாகக் கிடைக்கும். அவசரத்துக்கு ஒன்றும் கிடைக்காவிட்டால் விளக்கெண்ணெய் பரவாயில்லை, ரப்பரைக் கெடுக்காது. ஏத்தாப்பூரில் ஆமணக்குக்கும் மரவள்ளிக்கும் ஆராய்ச்சி நிலையம் வைத்திருக்கிற மாவட்டக்காரர்கள் நாம், வீட்டில் ஒரு பாட்டில் இல்லாமல் போகாது. ஆனால் நாளாக ஆகப் பிசின் மாதிரி ஆகித் தூசி பிடிக்கும், அதனால் அது தற்காலிகம்தான்.

முதலில் உறுதிசெய்யுங்கள். சோப்புத் தண்ணீரை பிரஷ்ஷில் தொட்டு, ராடு ரப்பரைத் தொடும் வட்டத்தில் மட்டும் விடுங்கள். அக்கா பையனைத் திருப்பச் சொல்லுங்கள். சத்தம் சட்டென்று நின்றால் குற்றவாளி இவர்தான். பிறகு ஈரத்துணியால் ரப்பரின் உதட்டையும், ராடில் அது உரசும் பளபளப்பான பட்டையையும் நன்றாகத் துடையுங்கள். ராடில் துருத் திட்டு இருந்தால் நைஸ் உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்குங்கள். முழுக்கக் காய்ந்தபின், மழுங்கிய குச்சி ஒன்றால் ரப்பரின் உதட்டைத் தூக்கி, உள்பக்கம் சுற்றிலும் சிலிக்கோன் கிரீஸ் வையுங்கள். வெளியே வழிய வேண்டாம். பத்து முறை இரண்டு பக்கமும் திருப்புங்கள், பரவிவிடும்.

ரப்பர் வெடித்திருந்தாலோ என் வண்டியில் போல உப்பியிருந்தாலோ கிரீஸ் போட்டுப் பயன் இல்லை. புதுசு வாங்குங்கள். அதைப் போட ராடைப் பிரிக்கவேண்டி வரும் என்பதால் கிராஸ் ஜாயிண்டையும் அதே சமயம் பார்த்துவிடலாம்.

கிராஸ் ஜாயிண்ட்: இங்கே விளையாட்டு இல்லை

இதுவரை சொன்னவை காதுக்குத் தொந்தரவு. இது உயிர் விஷயம். இந்த ஜாயிண்டின் போல்ட் கழன்றால் வளையம் உங்கள் கையில் சுற்றும், சக்கரம் திரும்பாது. ஸ்பேனர் பிடித்துப் பழக்கம் இல்லாதவர்கள் கண்டுபிடிப்பதோடு நிறுத்திக்கொண்டு, செய்வதை மெக்கானிக்கிடம் விடுங்கள். பக்கத்தில் நின்று பார்க்கவாவது தெரிந்திருக்கட்டும் என்று எழுதுகிறேன்.

சக்கரங்களை நேராக வைத்து, சாவியை எடுத்து ஸ்டியரிங்கை லாக் செய்யுங்கள். ஏர்பேக் வண்டியென்றால் இது இன்னும் முக்கியம், வளையம் தானாகச் சுற்றினால் சுருள் நாடா அறுந்துவிடும். ஜாயிண்டுக்கும் ராடுக்கும் சேர்த்து மேலேயும் கீழேயும் பெயிண்ட் கோடு. இந்தக் கோடு இல்லாமல் ஒரு பல் மாறிப் பூட்டினால் வண்டி நேராகப் போகும்போது வளையம் கோணலாக நிற்கும். இரண்டு போல்ட்டையும் தளர்த்தினால் போதாது, முழுசாக எடுக்கவேண்டும்; ராடில் இருக்கும் பள்ளத்தில் போல்ட் உட்கார்ந்திருப்பதால் அது இருக்கும்வரை ஜாயிண்ட் நகராது.

கையில் வந்த ஜாயிண்டை இரண்டு திசையிலும் மடக்கிப் பாருங்கள். ஒரே சீராக, கொஞ்சம் இறுக்கமாக நகர்ந்தால் நல்லது. படிப்படியாக மாட்டி மாட்டி நகர்ந்தாலும், கடகடவென்று ஆடினாலும் தூக்கிப் போடுங்கள். சும்மா மேல்துருதான் என்றால் துரு நீக்கும் எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊறவைத்து, மடக்கி மடக்கி விடலாம். ஆனால் பெரும்பாலான ஜாயிண்டுகள் சீல் செய்தவை, கிரீஸ் உள்ளே போக வழி கிடையாது. அதனால் அந்த அமைதி எத்தனை நாளைக்கு என்று யாரும் சொல்லமுடியாது. நான் என்றால் மாற்றிவிடுவேன்.

பூட்டும்போது கோடுகள் சேரவேண்டும், போல்ட் பள்ளத்தில் உட்காரவேண்டும், போல்ட் புதுசாக இருக்கவேண்டும். முடுக்கும் அளவு வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும், டார்க் ரெஞ்சில் (குறித்த அளவுக்கு முடுக்கும் ஸ்பேனர்) அதே அளவு. முடித்ததும் போல்ட் தலையையும் ஜாயிண்டையும் சேர்த்து ஒரு மெல்லிய வெள்ளைக் கோடு போடுங்கள். அது ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

மேல் புஷ்

வளையம் மேலும் கீழும் ஆடினால்தான் இது. ஆட்டம் இல்லாமல் சத்தம் மட்டும் என்றால் மேல்முனையில் கொஞ்சம் லித்தியம் கிரீஸ் விட்டுப் பாருங்கள். (அந்த இடத்தில் பிளாஸ்டிக் புஷ் என்றால் சிலிக்கோன்.) ஆட்டம் இருந்தால் காலத்தை இறக்கித்தான் மாற்றவேண்டும், அது பட்டறை வேலை.

பத்மினி, பழைய அம்பாசடர் மாதிரி வண்டிகளுக்குப் புஷ் கிடைக்காதபோது லேத்தில் நைலானில் கடைந்து போடுவது நம் ஊரில் சகஜம். நல்ல வேலைதான், ஒரே ஒரு எச்சரிக்கை: புஷ் இறுக்கமாக இருக்கக் கூடாது. ராடு அதற்குள் தன் எடையிலேயே வழுக்கிச் சுற்றவேண்டும். 'சத்தம் வராம டைட்டா போட்டிருக்கேன்' என்று லேத்காரர் பெருமையாகச் சொன்னால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அப்புறம் இந்த இரண்டு வண்டியிலும் கியர் லீவர் காலத்தோடு ஒட்டியே வரும் மாடல்கள் உண்டு. அவற்றில் பாதி சத்தம் கியர் லிங்கேஜ் உடையது. லீவரைக் கையால் பிடித்தபடி ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

சக்கரத்தைத் தூக்கியதும் சத்தம் நின்ற வண்டிகள்

பானெட்டைத் திறந்து, ஷாக் அப்சார்பரின் மேல் மவுண்டில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு ஸ்டியரிங்கைத் திருப்பச் சொல்லுங்கள். ஸ்பிரிங் சுருள்களுக்கு நடுவில் விரலை விடவேண்டாம். கையில் ஒரு துள்ளல் அடித்தால் மவுண்ட் பேரிங் போய்விட்டது. ஸ்பிரிங்கை அமுக்கிக் கழற்றும் வேலை என்பதால் வீட்டில் முயலாதீர்கள், அந்த ஸ்பிரிங் துள்ளினால் ஆளைக் கொன்றுவிடும்.

மலையில் பரீட்சை

முதலில் ஆள் இல்லாத மைதானத்தில் ஐந்து கிலோமீட்டர் வேகத்தில் எட்டுப் போடுங்கள். பிறகு ஊருக்குள் இரண்டு நாள். அதன்பிறகு கோரிமேடு வழியாக அடிவாரம்.

வளைவுகளில் சத்தத்தைவிட முக்கியமாக ஒன்றைக் கவனிக்கவேண்டும். வளைவு முடிந்து வண்டி நேராகும்போது வளையத்தை லேசாக விட்டுக்கொடுங்கள். கையை எடுக்கவேண்டாம், பிடியைத் தளர்த்தினால் போதும். அது தானாக நடுவுக்குத் திரும்பி வரவேண்டும். திரும்பாமல் அங்கேயே நின்றால் புஷ் இறுக்கம், அல்லது ஜாயிண்ட் பிடிக்கிறது. சத்தமே இல்லாவிட்டாலும் அந்த வண்டியை அடுத்த திருப்பத்தில் திருப்பிக் கீழே கொண்டுவந்துவிடுங்கள். கீச்சிட்டுக்கொண்டே தானாகத் திரும்பி வரும் ஸ்டியரிங்கோடு ஒரு மாசம்கூட ஓட்டலாம். ஊமையாக நின்றுவிடும் ஸ்டியரிங்கோடு ஒரு வளைவுகூட வேண்டாம்.

மேலே ஏரிக்கரையில் டீ குடித்துவிட்டு இறங்கி வாருங்கள். அடிவாரத்தில் வண்டியை ஓரம் கட்டி, இன்ஜினை அணைத்து, டார்ச் அடித்து அந்த வெள்ளைக் கோட்டைப் பாருங்கள். 20 வளைவு ஏறி 20 வளைவு இறங்கிய பிறகும் போல்ட்டிலும் ஜாயிண்டிலும் கோடு ஒரே நேராக இருந்தால் வீட்டுக்குப் போகலாம். மயிரிழை விலகியிருந்தாலும் அங்கேயே நிறுத்திவிட்டு மெக்கானிக்குக்குப் போன் போடுங்கள்.